முதிர்வுக் கோடு

வெள்ளிக்கிழமை காலையில், ஊர் முழுக்கத் தண்ணீர்ப் பங்குக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில், அங்கயற்கண்ணி ராக்கெட்டின் வயிற்றுக்குள் தலைகீழாக இறங்கிக்கொண்டிருப்பாள். கணுக்காலிலும் இடுப்பிலும் கட்டிய நாடா மேலே ஒரு கப்பியில் ஓடும். பொறி தட்டிவிடக் கூடாது என்பதால் உடம்பில் உலோகம் பொட்டளவும் இருக்கக் கூடாது. தாலியைக்கூடக் கழற்றி வாசலில் இருக்கும் பீங்கான் கிண்ணத்தில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

உள்ளே, அவளைச் சுற்றி நாலாபுறமும் சாம்பல் நிறச் சுவர். விரலால் அழுத்தினால் லேசாகக் குழியும், எடுத்தால் மெல்ல எழும்பும். பார்த்தால் சுவர், உண்மையில் அத்தனையும் எரிபொருள். நடுவில் நட்சத்திர வடிவில் விட்டிருந்த பொந்தில் அவள் தொங்கியபடி, சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். செவ்வாயின் புதுத்துறைக் குடியிருப்பில் இது யாருக்கும் அதிசயமில்லை. பூமியில் தர்ப்பூசணி வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பார்களாம், அந்த மாதிரி ஒரு வேலை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த ராக்கெட்டுக்கு ஊரார் வைத்த பெயர் தோணி. ஏதாவது பெரிய விபத்து நேர்ந்தால் ஏறித் தப்பிப்பதற்காக, குடியிருப்பின் கிழக்குக் கோடியில் ஆழமான கிணற்றுக்குள் அது நிமிர்ந்து நின்றது. மேலே கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த தங்குகலம் வரைக்கும் அது கொண்டுபோய்ச் சேர்க்கும். திரவ எரிபொருளாக இருந்தால் ஆவியாகும், உறையும், குழாய் கசியும், ஆண்டுக்கணக்கில் காத்திருக்காது. ஆகவே திண்ம எரிபொருள். செவ்வாய் மண்ணில் வேண்டிய மட்டும் கிடக்கும் ஒரு நச்சு உப்பு, அலுமினியத் தூள், இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள ரப்பர். மரத்தில் வடிகிற ரப்பர் அல்ல. எண்ணெயிலிருந்து ஆலையில் காய்ச்சி எடுக்கிற செயற்கை ரப்பர். பாகு மாதிரிக் கெட்டியாக இருப்பதைக் கலந்து ஊற்றி இறுக வைப்பார்கள். அங்கயற்கண்ணி பள்ளிக்கூடத்தில் விளக்கப் போகும்போதெல்லாம் கடலைமிட்டாயைத்தான் சொல்வாள். வெல்லப்பாகு கடலையைப் பிடித்து நிறுத்துகிறது. அதே சமயம் வெல்லத்தையும் தின்னத்தானே செய்கிறோம்? ரப்பரும் அப்படித்தான். உப்பையும் தூளையும் சிதறாமல் கட்டிவைத்திருக்கும்; தீ வந்தால் தானும் சேர்ந்து எரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் பாதி ஆழம் போவதற்குள் செவியன் நின்றுவிட்டது. செவியன் என்பது அவளுடன் இறங்கும் சோதனை இயந்திரம். பல்லி மாதிரிச் சுவரில் ஒட்டி ஊர்ந்து, ஒலியை உள்ளே அனுப்பித் திரும்பி வருவதைக் கேட்கும்.

"என்ன நின்னுட்ட?"

"அனுப்பிய ஒலி சரியாகத் திரும்பவில்லை" என்றது செவியன். இயந்திரங்களுக்கு நூல் தமிழையே பழக்கியிருந்தார்கள்.

"இங்கனயா?"

"இங்கே தொடங்கி, கீழே உங்கள் தலைக்கும் அப்பால் போகிறது. ரப்பர் வெளிக்கூட்டை விட்டுப் பிரிந்திருக்கிறது. உள்பக்கமும் பிளந்திருக்கிறது."

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவினாள். நட்சத்திரத்தின் ஒரு முனையில் முடி அளவுக்கு ஒரு கீறல். நகம் அதற்குள் போயிற்று. பிறகு விரல்நுனியும் போயிற்று. எடுக்கும்போது அந்தப் பிளவு அவள் விரலைக் கொஞ்சம் கவ்விப் பிடித்தது.

தலைகீழாகத் தொங்கியதால் ரத்தம் முகத்தில் ஏறியிருந்தும் அவளுக்குக் குளிர்ந்தது. தீ ரப்பரின் மேல்பரப்பில்தான் எரியும். எவ்வளவு பரப்போ அவ்வளவு வேகம். அதைக் கணக்குப் போட்டுத்தான் நட்சத்திர வடிவில் பொந்து விட்டிருக்கிறார்கள். பிளவு இருந்தால் தீ அதற்குள்ளும் புகும். பரப்பு பெருகும், அழுத்தம் ஏறும், கூடு தாங்காது. பற்றவைத்த பிறகு அணைக்கவும் வழியில்லை. போன புழுதிப் பருவத்தில் சூரியத் தகடுகள் மூடிப்போய் மின்சாரம் படுத்தபோது, தோணிக் கிணற்றின் சூடேற்றியைச் சில நாள் நிறுத்திவைத்தார்கள். செவ்வாயின் குளிரில் ரப்பர் சுருங்கியிருக்கிறது. ஏற்கெனவே வயதான ரப்பர். சுருங்கியது மறுபடி விரியவில்லை.

மேலே வந்ததும் தாலியைப் போட்டுக்கொள்ளக்கூட மறந்து நேராக நிர்வாகி பூவராகனின் அறைக்குப் போனாள்.

பூவராகன் கெட்டவர் அல்ல. புழுதிப் பருவத்தில் தன் வீட்டுச் சூட்டை முதலில் குறைத்துக்கொண்டவர் அவர்தான். ஊரில் பாதிப் பேருக்கு அவர் அண்ணாச்சி. அவரும் பொறியியல் படித்தவர் என்பதால் அவள் விளக்கவே தேவைப்படவில்லை. செவியன் எடுத்த படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"இத யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் இல்ல சார். நேரா இங்கதான் வாரேன்."

"சொல்லாத."

"சார், இது ஏறுற வண்டி இல்ல. ஏறினா வெடிக்கிற வண்டி."

"தெரியுது." அவர் குரல் தணிந்துதான் இருந்தது. "ஆனா அங்கை, இந்த ஊரு எத நம்பிக் கண்ண மூடுது? தலைக்கு மேல பாறை. பாறைக்கு மேல மூச்சு விடக் காத்தில்ல. தோணி நிக்குங்கிற ஒரே தைரியத்துலதான் பிள்ள பெத்துக்கிடுதான், கல்யாணம் முடிக்கான். அத எடுத்துட்டா மறுநாளே ஒருத்தன ஒருத்தன் அடிச்சுத் தின்னுருவான்."

"அப்ப கூரையவாவது பாப்போம் சார். கூரை இணைப்பு முழுக்க இதே ரப்பர்தான். உப்பும் தூளும்தான் அதுல இல்ல. வயசும் இதே வயசு. போன சரக்குக் கலத்துல வந்த ரப்பர்ப் பாகு பீப்பா பீப்பாயா பூட்டிக் கெடக்கு. தோணியோட விரிசல அது அடைக்காது. பழசு மேல புதுசு ஒட்டாது. கூரையில பழசச் சுரண்டி எடுத்துட்டுப் பூசினா கூரை நிக்கும்."

குடியிருப்பு ஒரு பழங்கால எரிமலைக் குகைக்குள் இருந்தது. குகையைக் கூடம் கூடமாகப் பிரித்து, பாறை இடுக்குகளில் பலகை பதித்து, ஓரங்களில் ரப்பர் பூசிக் காற்றை உள்ளே அடைத்து வைத்திருந்தார்கள். அந்த ரப்பரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பூவராகன் தலையை அசைத்தார். "அது தோணிக்குன்னு வந்த சரக்கு. கூரைக்கு எடுத்தம்னா, தோணிக்கு என்ன ஆச்சின்னு நாலு பேரு கேப்பான். அடுத்த கலம் வரட்டும், பூமியில இருந்து ஆளக் கூப்பிட்டுப் புதுசா வார்த்துருவோம். அதுவரைக்கும் பீப்பாயத் தொட வேண்டாம். இன்னொண்ணு, விரிசல்ங்கிற வார்த்தைய எழுதாத." கொஞ்சம் யோசித்தார். "முதிர்வுக் கோடுன்னு போடு. வயசானா யாருக்குத்தான் கோடு விழல?" தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

பிறகு செவியனிடம் திரும்பி அதையே ஆணையாகச் சொன்னார்.

"பதிந்தேன்" என்றது செவியன். "இனி விரிசல் இல்லை. முதிர்வுக் கோடு."

அங்கயற்கண்ணி எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அவர் சொன்னதில் பாதி நியாயம் இருப்பதாகத் தோன்றியது. மீதிப் பாதிக்கு, ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று இத்தனை முகங்களைப் பார்த்து அதைச் சொல்ல அவளுக்குத் துணிவில்லை.

வீட்டில் கணவன் கஸ்பார் அவளுக்காகக் காத்திருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

தோணியில் ஊரில் பாதிப் பேருக்குத்தான் இடம். கட்டியபோது அது போதுமானதாக இருந்தது. பிறகு ஊர் பெருகிவிட்டது. இருக்கை உள்ளவர்கள் கழுத்தில் ஒரு பச்சை வில்லை தொங்கும். அது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைப் பார்ப்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் படிப்பைப் போடுவதை விட்டுவிட்டு இருக்கை வரிசையைப் போடும் வழக்கம் வந்து வெகுகாலமாகிறது. அங்கயற்கண்ணிக்கு வேலையால் ஓர் இடம் உண்டு. கஸ்பாருக்கு அவன் அப்பா விட்டுப்போனது. மகள் செலினுக்கு இல்லை. அவள் பிறந்த நாளிலிருந்து கஸ்பாருக்கு அந்த ஒரே கவலைதான்.

"இசக்கியம்மா சம்மதிச்சிட்டா" என்றான். இசக்கியம்மாள் பக்கத்து வீட்டுக்காரி. இறந்துபோன கணவனின் வில்லை அவளிடம் சும்மா கிடந்தது. "நம்ம விளக்குத் தோட்டத்தக் கொடுத்துட்டா அந்த இடத்தப் பிள்ள பேருக்கு மாத்தித் தாராளாம்."

விளக்குத் தோட்டம் என்பது அவன் பத்து விரலாலும் உண்டாக்கிய அறை. ஊதா விளக்குகளுக்குக் கீழே கீரை, தக்காளி, ஒரு முருங்கைக் கன்று. செவ்வாய் மண்ணின் நச்சு உப்பைக் கழுவிக் கழுவி, அதைச் செடி வைக்கிற மண்ணாக்க அவனுக்கு எத்தனையோ வருடம் பிடித்தது.

"வேண்டாங்க" என்றாள்.

"ஏன் வேண்டாம்?"

"வேண்டாம்னா வேண்டாம். தோட்டம் சோறு போடுது. அந்த இடம் என்ன போடுது?"

"அலாரம் அடிச்சா அன்னைக்குத் தெரியும் என்ன போடுதுன்னு." அவன் சிரிப்பு போய்விட்டது. "நீ ஏறுவ, நான் ஏறுவேன். பிள்ளைய வாசல்ல நிறுத்திட்டு டாட்டா காட்டுவமா? சொல்லு அங்கை."

அவள் சொல்ல வாயெடுத்தாள். நாக்கு நுனிவரை வந்த சொல்லின் மேல் பூவராகனின் ஆணை வந்து உட்கார்ந்தது. "தோணியில... உள்ளார ஒரு முதிர்வுக் கோடு விழுந்திருக்கு" என்றாள்.

கஸ்பார் அவளையே பார்த்தான். பிறகு நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டான். "கோடுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். கோடு எங்கதான் இல்ல. சவத்த விடு."

மறுநாளே கைமாற்றம் முடிந்தது. செலின் பச்சை வில்லையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தாள். கஸ்பார் எல்லோருக்கும் தன் தோட்டத்துத் தக்காளியைக் கடைசியாக ஒரு முறை பறித்துக் கொடுத்தான். அங்கயற்கண்ணிக்கும் ஒன்று கொடுத்தான். அவள் அதைக் கடிக்காமல் செலினிடம் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் இறங்கினாள். ஒவ்வொரு முறையும் செவியன் மாறாத குரலில், முதிர்வுக் கோடு வளர்ந்திருக்கிறது என்று சொல்லிற்று. அறிவிப்புப் பலகையிலும் அதை வெளியிட்டார்கள். யாரும் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. படித்தார்கள், பெருமைப்பட்டார்கள். நம்ம தோணிக்கு வயசாகியும் எப்படி நிக்குது பார் என்றார்கள்.

கூரை ஒரு மத்தியானத்தில் போயிற்று. வடக்குக் கூடத்தில் பாறையோரத்து ரப்பர் வெடித்துப் பிரிந்தது. தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் இருந்த கூடம் அது. பிச்சையா என்பவர்தான் அப்போது அங்கே வேலையில் இருந்தார். காற்று வெளியேறத் தொடங்கியதும் இடைக்கதவு தானாக இறங்கிற்று. ஆனால் அந்தக் கதவின் விளிம்பிலும் பூசியிருந்தது அதே ரப்பர்தான். அதுவும் கட்டையாகிப் போயிருந்ததால் விளிம்பு வழியே காற்று சீறிக்கொண்டு கசிந்தது. ஊர் முழுக்கச் சங்கு ஊதியது.

கதவை அடைக்க யாரும் போகவில்லை. எல்லோரும் கிழக்கே ஓடினார்கள்.

சங்கு ஊதினால் அங்கயற்கண்ணி இருக்க வேண்டிய இடம் பற்றவைப்பறை. தோணிக்குப் போகும் ஏறுபாதையை ஒட்டி, தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது அந்த அறை. பாதைக்கு இரண்டு கதவுகள். ஊர்ப்பக்கம் ஒன்று, தோணிப்பக்கம் ஒன்று. அவள் போய்ச் சேரும்போதே ஊர்ப்பக்கக் கதவில் கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது. வில்லை உள்ளவர்கள் அதைத் தலைக்கு மேல் பிடித்துக் கத்தினார்கள். இல்லாதவர்கள் உள்ளவர்களின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் வரிசையில் கஸ்பார். அவன் தோளில் செலின்.

அங்கயற்கண்ணி ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"யாரும் ஏறாதீங்க! தோணிக்குள்ள விரிசல் இருக்கு. பத்தவச்சா வெடிச்சிரும். எல்லாரும் வடக்க போங்க. கதவ அடைக்க ஆளு வேணும்!"

கூட்டம் ஒரு கணம் அடங்கிற்று. பிறகு இசக்கியம்மாளின் குரல் எழுந்தது. இடத்தைக் கொடுத்துவிட்ட வயிற்றெரிச்சலில் அவள் கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

"நேத்து வரைக்கும் கோடுன்ன, இன்னைக்கு விரிசல்ங்க! எங்கிட்ட இருந்த இடத்தப் புடுங்கி ஒம் பிள்ள கழுத்துல மாட்டும்போது இந்த விரிசல் எங்கடி போச்சு?"

நல்லவேளையாக அப்போது பூவராகன் மூச்சிரைக்கப் பற்றவைப்பறைக்குள் வந்தார். ஒலிபெருக்கியை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"அங்கை சொல்லுதது நெசம். நான்தான் மறைக்கச் சொன்னேன். தப்பு எம்மேல. தோணி ஏறுததுக்கு லாயக்கில்ல, என்னைய நம்புங்க!"

யார் சொன்னால் ஊர் நம்பும் என்று அவர்கள் இருவரும் நினைத்தார்களோ, அவர் சொன்னதும்தான் நிலைமை முற்றிலும் கெட்டது. "அண்ணாச்சியே வந்துட்டாரா? அப்ப பெரிய இடத்து ஆளுக முதல்ல ஏறப் போறாங்க!" என்று ஒருவன் கத்தினான். "நம்மள வடக்க அனுப்பிட்டு இவுக கெழக்க ஏறிருவாக!" என்றான் இன்னொருவன். நெருக்கடியில் ஒருவர் 'இடமில்லை' என்று சொன்னால், உள்ளே இடமிருக்கிறது என்றுதான் அந்த ஊருக்குப் பொருள். கதவு முனகியது. கீல் பிடுங்கிக்கொண்டது. கூட்டம் ஏறுபாதைக்குள் கொட்டியது.

கண்ணாடி வழியே அவள் கஸ்பாரைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். வேகமாகக் கையைக் காட்டி, வா வா என்று அழைத்தான். உனக்கும் இடம் இருக்கிறதே, ஏன் அங்கே நிற்கிறாய் என்பதுபோல. செலின் அப்பாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டாம் கதவைத் திறக்கும் சக்கரத்தில் இரண்டு மூன்று பேர் கை வைத்துவிட்டார்கள்.

"அந்தக் கதவு திறந்தா முடிஞ்சுது சார். சாவியப் போடுங்க" என்றாள் அங்கயற்கண்ணி.

தோணியைப் பற்றவைக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று அவளுடையது, ஒன்று அவருடையது.

"ஆளில்லாமயா?"

"ஆளு ஏறுததுக்கு முந்தி. கதவு மூடி இருக்கையில."

பூவராகன் சாவியை எடுத்தார், ஆனால் செருகவில்லை. "ஊருக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான், அங்கை."

"இது இல்ல சார். அந்த வெள்ளிக்கிழமையே இது இல்லாமப் போயிட்டு. நாமதான் இருக்குன்னு சொல்லிட்டிருந்தோம்."

அவர் சாவியைச் செருகினார். இருவரும் திருப்பினார்கள்.

தரை உறுமியது. இரண்டாம் கதவின் சக்கரத்தில் இருந்தவர்கள் கை சுட்டதுபோல் விலகினார்கள். ஏறுபாதையின் சுவரில் வெளிப்புறத்தைக் காட்டும் பெரிய திரை இருந்தது. எல்லோர் முகமும் அதன் பக்கம் திரும்பிற்று. செம்மண் வெளியில் கிணற்றின் வாயைப் பிளந்துகொண்டு வெள்ளைத் தீயின் மேல் தோணி எழுந்தது. நேராக, அழகாக, ஒரு நடுக்கமும் இல்லாமல் எழுந்தது.

கூட்டத்திலிருந்து ஓர் ஓலம் கிளம்பிற்று. அங்கயற்கண்ணி கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். நன்றாகத்தானே போகிறது? தவறாகக் கேட்டுவிட்டேனா? இத்தனை பேருக்கு இருந்த ஒரே வழியையும் நானே...

தோணியின் விலா புடைத்தது. ஒரு வெளிச்சம். திரை வெளுத்து மறுபடி தெளிந்தபோது தோணி இல்லை. துண்டு துண்டாக ரப்பர் எரிந்துகொண்டு விழுந்தது. மூச்சு விடக் காற்றில்லாத அந்த வெளியிலும் அது அணையவில்லை. எரிய வேண்டியதையெல்லாம் தனக்குள்ளேயே வைத்திருந்தது. செம்மண்ணில் விழுந்த பிறகும் வெகுநேரம் எரிந்தது.

கஸ்பார் செலினைத் தோளிலிருந்து இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சங்கு மட்டும் ஊதிக்கொண்டே இருந்தது. போக வேறு இடம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஒவ்வொருவராக வடக்கே திரும்பினார்கள். முதலில் நடந்தார்கள், பிறகு ஓடினார்கள்.

பீப்பாய்களின் பூட்டைப் பூவராகனே உடைத்தார். ரப்பர்ப் பாகையும் இறுக்கும் மருந்தையும் சோற்றுப் பானையிலும் பிள்ளை குளிப்பாட்டும் தொட்டியிலும் ஊற்றிக் கலக்கினார்கள். கையால் அள்ளிக் கதவின் விளிம்பில் அப்பினார்கள். சீக்கிரம் இறுகச் சூடு வேண்டும் என்று அங்கயற்கண்ணி சொன்னதும், இசக்கியம்மாள் ஓடிப்போய்த் தன் புதிய தோட்டத்து விளக்குகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். ரப்பர் பிடிக்கும்வரை அதன் மேல் வைத்த பலகையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு மாற்றி மாற்றி நின்றார்கள். வில்லை உள்ளவன், இல்லாதவன் என்று யாரும் பார்க்கவில்லை. சீறல் தணிந்து, முனகலாகி, நின்றது. ஊர் பிழைத்தது. பிச்சையா பிழைக்கவில்லை. கூட்டம் முதலிலேயே வடக்கே வந்திருந்தால் அவருக்கு வழி இருந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அவரை அடக்கம் செய்த பிறகு ஊர்க்கூட்டம் நடந்தது. பூவராகன் பதவியிலிருந்து விலகினார். அங்கயற்கண்ணி எழுந்து, மீதிப் பீப்பாய்களில் உள்ளதை எல்லாக் கூடங்களின் கூரைக்கும் பூச வேண்டும், நாளைக்கே தொடங்க வேண்டும் என்றாள். பலமாகக் கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள். உசிரக் காப்பாத்தின தாயி என்று இசக்கியம்மாள் அவள் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தாள்.

பிறகு இசக்கியம்மாளேதான் கேட்டாள். "எல்லாத்தையும் கூரையில பூசிட்டா, புதுத் தோணி வார்க்க ரப்பருக்கு எங்க போவ?"

கூட்டம் சலசலத்தது. நியாயமான கேள்வி என்றார்கள். மற்றக் கூடங்களில் இன்னும் ஒன்றும் ஆகவில்லையே என்றார்கள். அங்கயற்கண்ணி தொண்டை வறளப் பேசினாள். கை தூக்கச் சொன்னபோது அவள் பக்கம் தூக்கியவர்களை ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். பீப்பாய்களுக்குப் புதுப் பூட்டு வாங்கினார்கள், பழையதைவிடப் பெரியது.

மறுநாள் காலையில் அவள் ஏறுபாதை வழியாகப் போனாள். தோணி போன பிறகு அங்கே காற்றோட்ட விசிறிகளைக்கூட நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் கதவுக்கு அப்பால் கருகிய கிணறு மட்டும் இருந்தது. ஆனால் பாதை காலியாக இல்லை. இரண்டாம் கதவிலிருந்து ஊர்ப்பக்கம் வரை தரை நெடுகத் துண்டு விரித்திருந்தது. துண்டு, போர்வை, பழைய சேலை, ஒரு தலையணை உறை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதற்குரியவர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பூமியிலிருந்து புதுத் தோணிக்கு வரைபடம்கூட இன்னும் வந்திருக்கவில்லை.

கதவை ஒட்டி, எல்லோருக்கும் முன்னால் கஸ்பார் உட்கார்ந்திருந்தான்.

"விடியறதுக்கு முந்தியே வந்துட்டேன்லா" என்றான். பக்கத்தில் விரித்திருந்த மூன்று துண்டுகளைக் காட்டினான். "பிள்ளைக்கு, எனக்கு. இது ஒனக்கு. இந்தத் தடவ மூணும் ஒரே வரிசை."

அவள் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் ஓரம் லேசாக எழுந்தது, படிந்தது, மறுபடி எழுந்தது. அதற்கு அடுத்த துண்டும் அப்படியே. தலையைத் திருப்பிப் பாதை நெடுகப் பார்த்தாள். எல்லாத் துணிகளின் ஓரமும் ஒரே பக்கமாக, இடப்புறச் சுவரின் அடியை நோக்கி, மெதுவாகத் துடித்துக்கொண்டிருந்தது. விசிறி ஓடாத இடத்தில், புதுத்துறையில், காற்று தானாக அசையாது. அசைந்தால் அது வெளியே போகிறது என்று பொருள்.

"ஏங்க" என்றாள். கையை நீட்டிச் சுவரின் அடியைக் காட்டினாள். "காத்து..."

"ஆமா, நானும் கவனிச்சேன்" என்றான் கஸ்பார். "பறந்துட்டுன்னா எடம் போயிருமே."

சுவரோரம் உதிர்ந்து கிடந்த ஒரு கல்லை எடுத்து அவள் துண்டின் மேல் வைத்தான். அதைப் பார்த்துவிட்டு, பின்னால் இருந்தவர்களும் ஆளாளுக்குக் கல் தேடத் தொடங்கினார்கள்.